போகிக்காக வீட்டைத் தலைகீழாகப் புரட்டத்தான் வேண்டுமா?

பெரம்பூர் மாடிவீடு
போகிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. எங்கள் வீட்டில் பட்டியல் தயார்: பரண், ஒட்டடை, மின்விசிறிகள், ஜன்னல் கம்பி, திரைச்சீலை, பித்தளைப் பாத்திரங்கள், பூஜையறை. எல்லாம் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் முடிய வேண்டுமாம். யார் செய்வது என்று மட்டும் பட்டியலில் இல்லை. அது எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் பானை பொங்கியபோது நான் முதுகில் தைலத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாரம் ஒரு மூலை, மாதம் ஒரு அலமாரி என்று வருடம் முழுக்கப் பிரித்துக்கொண்டால் இந்தக் கூத்தே வேண்டாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஓய்வூதியன்
மறுக்கிறேன் அம்மா. வாரம் ஒரு மூலை என்பதை நாங்கள் மூன்று வருடம் செய்து பார்த்தோம். கண்ணில் படும் மூலைகள் ஐம்பது முறை சுத்தமாயின. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒருவரும் போகவில்லை. நாள் குறித்தால்தான் மனிதன் கட்டிலை நகர்த்துகிறான்.

இன்னொன்று, இது சும்மா வைத்த நாளும் அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுவரெல்லாம் ஓதம், பீரோவுக்குள் பூஞ்சை வாடை. மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டுகிறது. மெத்தை, தலையணை, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்ற அதைவிட நல்ல வாரம் எது? (பட்டை நேர் வெயிலில் போட வேண்டாம், நிழல் காற்று போதும்.)

அறைவாசி
நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். வீட்டு உரிமையாளர் வரும் நாள்தான் எங்களுக்குப் போகி.

கொத்தனார் மகன்
எப்போது செய்வது என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டு செய்யக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்ததும் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி, ஆசிட் ஊற்றிக் கெடுத்த தரைதான்.

சமையல் மேடையில் கடப்பாக்கல் பதித்தவர்கள் கவனியுங்கள். அது சுண்ணாம்புக்கல். ஆசிட் வேண்டாம், எலுமிச்சைச் சாறும் வினிகரும் சிந்திக் கிடந்தாலே பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழும். அது கறையே இல்லை, கல் அரிக்கப்பட்ட இடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட வேண்டியதுதான். பழைய வீடுகளின் மொசைக் தரையும் அப்படியே, சிமென்ட்டில் சலவைக்கல் சில்லுகள் பதித்தது. சிவப்பு ஆக்சைடு தரைக்கு ஈரத்துணியும், எப்போதாவது ஒரு துளி தேங்காயெண்ணெயும் போதும். டைல்ஸ் என்றால் பயமில்லை என்கிறார்கள். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாதுதான், நடுவில் பூசிய சிமென்ட் கரைந்து போகும். பிறகு அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

பெரம்பூர் மாடிவீடு
தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். எங்கள் மேடை கடப்பாதான், போன வருடம் எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன்! சரி, போர்வெல் தண்ணீரால் குழாயில் படியும் உப்புக்கறையை எதைக் கொண்டு எடுப்பது? சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் நுரைத்துக்கொண்டு வரும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

வேதியியல் டீச்சர்
நுரைக்கும், அதோடு சரி. ஒன்று காரம், ஒன்று அமிலம். கலந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். உப்புக்கறைக்கு அமிலம்தான் வேண்டும்: வினிகரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறை ஆசிட் வேண்டாம், குழாயின் குரோமியப் பூச்சையே உரித்துவிடும்.

அடுப்பு மேலே பிசுபிசுக்கும் எண்ணெய்ப் படிவுக்குக் காரம்: வெந்நீர், சலவைச் சோடா, பாத்திர சோப்பு. அலுமினியத்தில் மட்டும் சலவைச் சோடா படக் கூடாது, கறுத்துப்போகும். சிம்னி வலை அலுமினியமா என்று பார்த்துவிட்டு ஊறவையுங்கள். மர அலமாரியில் பிசுக்கு இருந்தால் முதலில் சமையல் எண்ணெயையே ஒரு துளி தடவித் துடையுங்கள், பழைய எண்ணெயைப் புது எண்ணெய் இளக்கிக் கொடுக்கும். பிறகு சோப்புத் துணி.

கடைசியாக ஒன்று, இதைக் கத்திச் சொல்ல வேண்டும்: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும். அது விஷம்.

ஓய்வூதியன்
டீச்சரம்மா, முப்பது வருடமாக எங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுத்தான் குளியலறை கழுவுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வேதியியல் டீச்சர்
உங்கள் குளியலறை ஜன்னல் பெரியதாக இருந்திருக்கும் ஐயா. கண் எரிந்ததும், இருமல் வந்ததும் "பினாயில் நெடி" என்று நினைத்திருப்பீர்கள். இப்போதைய அடுக்குமாடிக் குளியலறையில் இருப்பது ஒரு சாண் ஜன்னல். இதில் மட்டும் நான் சமரசத்துக்கு வரமாட்டேன்.

ஓய்வூதியன்
கண் எரிந்தது உண்மைதான். சரி, இதில் தோற்றேன். ஆனால் முதல் கேள்வியில் தோற்கவில்லை. தூசிக்கு ஒரு வரிசை உண்டு: மேலிருந்து கீழே, காய்ந்தது முதலில், ஈரம் பிறகு. ஒட்டடை, மின்விசிறி, பரண், அலமாரி, ஜன்னல், கடைசியில் தரை. பழைய தலையணை உறையை மின்விசிறி இறக்கையில் மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும். வாரத்துக்கு ஒரு மூலைக்காரர்கள் இந்த வாரம் தரை துடைத்து, அடுத்த வாரம் ஒட்டடை அடித்து, மறுபடி தரை துடைப்பார்கள். இது கணக்குக்கு உதவுமா?

பெரம்பூர் மாடிவீடு
கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐயா, உங்கள் வீட்டில் அந்த வரிசைப்படி துடைத்தவர் யார்? நீங்களா, அம்மாவா?

ஓய்வூதியன்
ஒட்டடைக் கம்பு நான்தான். மற்றதற்குப் பதில் சொல்லாமல் நகர்கிறேன்.

காரைக்குடிப் பெண்
எங்கள் பாட்டி வீட்டில் முற்றமும் பட்டாலையும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் அளவு இருக்கும். ஆத்தங்குடிக் கல் தரையை வெறும் தண்ணீரில் துடைத்தே அத்தனை வருடம் பளபளவென்று வைத்திருந்தார்கள். அது போகட்டும். சுத்தம் என்ற பெயரில் சாமான்களைத் தூக்கிப் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் வீட்டில் ஒரு போகிக்கு முன் பித்தளை அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அதே அளவு அண்டாவை வாடகைக்கு எடுத்தோம். அண்டா போனதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பிடிக்காவிட்டாலும் வைத்திருங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் தங்கமாகும்.

பெரம்பூர் மாடிவீடு
அக்கா, முற்றமும் பட்டாலையும் உங்களிடம் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது இரண்டு படுக்கையறையும் ஒரு பரணும். அந்தப் பரணில் மாமியாரின் இரண்டு அண்டா, உடைந்த மிக்ஸி, 2009ஆம் வருடத்துக் கணினியின் அட்டைப்பெட்டி. பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

வேதியியல் டீச்சர்
தமிழாசிரியர் பக்கத்து மேசையில் இருப்பதால் சொல்கிறேன்: அது நன்னூல் சூத்திரம். மொழியில் பழைய சொற்கள் வழக்கிழந்து புதியவை வருவது பிழையில்லை என்கிறார் பவணந்தி முனிவர். மாமியாரின் அண்டாவை அவர் நினைத்தே பார்க்கவில்லை!

அட்டைப்பெட்டி இன்றே போகலாம். மிக்ஸியை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். அண்டாவைப் பற்றிப் பேச நான் யார்?

அறைவாசி
கொளுத்திவிட்டால் முடிந்தது. போகி என்றாலே அதுதானே?

கொத்தனார் மகன்
2018 போகியன்று சென்னையில் பனியோடு புகையும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் கெஞ்சுகிறது.

ஓய்வூதியன்
நாங்கள் கிழிந்த பாய் ஒன்று, தேய்ந்த துடைப்பம் ஒன்று கொளுத்தினோம். பிள்ளைகள் சிறுபறை கொட்டுவார்கள். அதில் என்ன குற்றம்?

கொத்தனார் மகன்
உங்கள் பாய் கோரைப்பாய் ஐயா. இன்று உங்கள் வீட்டில் விரித்திருக்கும் பாய் எது? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓய்வூதியன்
பார்த்தேன். பிளாஸ்டிக். துடைப்பத்தின் பிடியும்.

பெரம்பூர் மாடிவீடு
இவ்வளவு பேர் சொன்ன பிறகும் என் கட்சியை முழுதாக விடவில்லை. சமையலறையும் குளியலறையும் வாரவாரக் கணக்கில் வருடம் முழுக்க. ஒட்டடை, பரண், மெத்தை வெயிலில் போடுவது ஆகியவை மட்டும் மழை முடிந்ததும் ஒரே நாளில், ஐயா சொன்ன வரிசையில். பட்டியலைப் பிரதி எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். பரணுக்கு எதிரே என் கணவர் பெயர். பத்து நிமிடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காரைக்குடிப் பெண்
அண்டா?

பெரம்பூர் மாடிவீடு
ஒன்று இருக்கட்டும், ஒன்று போகட்டும் என்றேன். எது என்று மாமியார் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஓய்வூதியன்
பரண் ஏறுபவரிடம் ஏணி இருக்கிறதா என்று கேளுங்கள் அம்மா. ஸ்டூல் மேல் நாற்காலி போட்டு ஏறினால், பொங்கலன்று தைலம் அவருக்கு.