கிளாரினெட் ரெக்கார்டிங்கில் இன்னும் உறுத்தும் ஒரு டேக்: உங்கள் அனுபவம்?

ஒலிக்கூடம்:
ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய எஃப் மைனர் சொனாட்டா, இரண்டாம் பகுதி. ஜெர்மனியில் ஒரு கிராமத்துத் தேவாலயம், பிப்ரவரி. ஹீட்டர் இரைச்சல் மைக்கில் விழும் என்று ஒவ்வொரு டேக்குக்கும் அணைத்துவிடுவோம். குளிரில் கிளாரினெட் சுருதி இறங்கும், பியானோவோ 442 ஹெர்ட்ஸ் சுருதியில் நிற்கிறது. டேக்குகளுக்கு நடுவே கருவியைக் கோட்டுக்குள் அணைத்து வைத்துக்கொள்வார் வாசிப்பவர்.

மூன்றாவது டேக் அபாரமாக வந்தது. ஒரு வரி முடிந்து அடுத்ததை எடுக்குமுன் அவர் இழுத்த மூச்சு மட்டும் பலமாகக் கேட்டது. எடிட்டில் அதை வெட்டி, வெறும் ஹால் சத்தத்தை ஒட்டினேன். கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்: "இங்கே நான் மூச்சே எடுக்கவில்லையே. அடுத்த வரியை எப்படி வாசித்தேன்?" என்னிடம் பதில் இல்லை. சிடி அப்படியே வந்துவிட்டது. ஆறு வருஷமாகிறது, அந்த இடம் வந்தால் இன்றும் நிறுத்திவிடுகிறேன்.

கருமரம்:
எனக்கு ஷூமன் கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் எழுதிய ஓபஸ் 73. 1849-இல் எழுதியது, மூன்று துண்டுகளையும் இடைவிடாமல் வாசிக்க வேண்டும். இரண்டாவது முடிகிற இடத்தில் ஒரு துளையில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம். வாசித்த அக்கா நிறுத்தவில்லை, மூன்றாவதற்குள் பாய்ந்துவிட்டார். முடிந்ததும் சிகரெட் பேப்பரைத் துளையை மூடும் பேடுக்கு அடியில் செருகி ஈரத்தை எடுத்துக்கொண்டே அழுதார்.

அப்புறம் ஒரு விஷயம். மூச்சு அவ்வளவு பலமாக விழுந்ததென்றால் மைக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. பலர் பெல்லுக்கு, அதாவது கருவியின் விரிந்த அடிவாய்க்கு, நேரே வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான சுரங்களில் சத்தம் திறந்த துளைகளிலிருந்துதான் வருகிறது. எல்லாத் துளையும் மூடிய அடிச் சுரத்தில்தான் பெல் முழுக்கப் பேசும். அங்கே வைத்தால் ஒரு சுரம் முட்டும், அடுத்தது ஒளிந்துகொள்ளும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே, கருவியின் நடுப்பகுதியைப் பார்த்தபடி வையுங்கள். பியானோ மூடியையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். வாயில் வைத்து ஊதும் ரீட் புதிதாக இருக்கவே கூடாது, சில நாள் ஊதிப் பழகியது வேண்டும்.

இரவல்காது:
கருமரம், மைக் எங்கே வைப்பது என்று அவர் கேட்கவே இல்லையே. தள்ளி வைத்தால் தீரும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1894-இல் பிராம்ஸ் அந்தச் சொனாட்டாவை எழுதியது ஒரே மனிதரின் வாசிப்பை மனதில் வைத்து: மைனிங்கன் இசைக்குழுவின் கிளாரினெட் கலைஞர் மூல்ஃபெல்ட். அவர் 1907-இல் போய்விட்டார், ஒரு ஒலிப்பதிவுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஓட்டன்ஸ்டைனர் என்பவர் பாக்ஸ்வுட் மரத்தில் செய்த கருவி அவருடையது. அதன் நகலில் ஒருவர், பிராம்ஸ் கிளாரினெட்டுக்கும் நான்கு தந்திக் கருவிகளுக்கும் எழுதிய குயின்டெட்டின் மெதுவான பகுதியான அடாஜியோவைப் பதிவு செய்தபோது நான் மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தந்திக் கருவிகள் நான்கும் சத்தத்தைத் தணிக்கும் ம்யூட் போட்டிருந்தன. முதலில் மூச்சு, பிறகு மரத்துக்குள் காற்று உரசும் சத்தம், அதற்கப்புறம்தான் சுரம். வெளிவந்த பதிவில் சுரம் மட்டும்தான் இருக்கிறது. மூச்சை வெட்டியது தப்புதான் சார்.

ஒலிக்கூடம்:
மைக் இரண்டு மீட்டரில்தான் இருந்தது கருமரம், தப்பு என் கையில். வெட்டாத மூலக் கோப்பு பழைய டிஸ்க்கில் கிடைத்தது. நேற்று ராத்திரி அவருக்கு அனுப்பிவிட்டேன்.