புதுப்பிப்பு: சந்தை எதிரே கார் நிறுத்துமிடம் ஊர்த்திடல் ஆகுமா?

சந்தைக்கு எதிரே உள்ள கார் நிறுத்துமிடத்தை எல்லோரும் உட்கார்ந்து பேசும் திடலாக்கலாமா என்று தை மாதம் இங்கே கேட்டிருந்தேன். நிறையப் பேர் யோசனை சொன்னீர்கள், ரொம்ப நன்றிங்க.

ஞாயிறு மாலை மட்டும் சோதனையாக நடத்த அனுமதி கிடைத்துவிட்டது. நான்கு வாரம் ஆயிற்று. 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் சிலர் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கும் மீட்டரில் காசு போட்டு, ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில் புல், பெஞ்சு, மரம் வைத்து உட்கார்ந்ததைப் போன தடவை எழுதியிருந்தேன் அல்லவா? அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பித்தோம்.

முதல் வாரம் பத்துப் பேர்கூட வரவில்லை. மனசு வாடிப்போனது. அப்புறம் வள்ளி கும்மி பழகும் பெண்கள் இடம் கேட்டு வந்தார்கள். ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர். எட்டுக் கட்டங்களைச் சேர்த்தால் 100 சதுர மீட்டர். பெரிய வட்டமே கட்டி ஆடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த பாட்டிகள் இரவு ஒன்பது வரை எழவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் காங்கிரீட்தான். பகல் முழுக்க வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் கக்குகிறது. வெறுங்காலோடு ஆடுகிறவர்களுக்குப் பாதம் கொப்பளிக்கிறது. "ஓரத்துல காங்கிரீட்டைப் பேத்துட்டுப் புங்கன் வைங்க கண்ணு, நல்ல நெழல்" என்றார் எதிர்க் கடை அண்ணன். வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று முதலில் எதிர்த்தவர் அவர்! அவர் பயமும் நியாயம்தான், அதனால் இருசக்கர வண்டிகளுக்கு ஒரு பக்கத்தை விட்டிருக்கிறோம்.

குழி வெட்ட மனு கொடுத்தாயிற்று. ஆடி மழைக்குள் அனுமதி வந்தால் உடனே நட்டுவிடுவோம்.