காவல், தீயணைப்பு சிவில் சர்வீஸ் கமிஷனுக்குக் கணவரின் பெயர் பரிசீலனையில் உள்ளது. செவ்வாய்க்குள் பதில் தர வேண்டும்

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஊரின் நகராட்சிக் குழுக்களில் தன்னார்வமாகப் பங்கேற்க விரும்புவோருக்கான விண்ணப்பத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதன்பேரில் என் கணவர் இணையத்தில் நிரப்பி அனுப்பியிருந்தார். நூலகக் குழு, பூங்காக் குழு என்று வரிசையாக இருந்த பெயர்களில் பலவற்றை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இன்று காலை சிட்டி செக்ரட்டரி (நகராட்சிச் செயலர்) அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. காவல், தீயணைப்புத் துறையினருக்கான சிவில் சர்வீஸ் கமிஷனில் ஓர் இடம் காலியாகிறதென்றும், அதற்கு இவர் பெயரும் பரிசீலனையில் இருக்கிறதென்றும், இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டுச் செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமென்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பதால் நிதானமாகப் பேச முடியவில்லை. போலீஸ் என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தக் கமிஷனுக்கு ஆட்களை யார் நியமிக்கிறார்கள், எப்படி நியமிக்கிறார்கள்? மறுத்தால் ஏதேனும் பகை வருமா? இதில் சேர்ந்தால் பின்னாளில் எல்லாவற்றுக்கும் நல்லது என்று அந்தப் பெரியவர் சொல்வது உண்மையா?

சிகாகோக் காற்று

வாழ்த்துகள் சகோதரி. இது பயப்பட வேண்டிய விஷயமன்று, பெருமைப்பட வேண்டிய விஷயம். காவலர், தீயணைப்பு வீரர்களை வேலைக்கு எடுக்கும் தேர்வையும், அவர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கையையும் கவனிக்கும் குழு இது. இல்லினாய் மாநிலத்தில், 5,000 முதல் 2,50,000 வரை மக்கள்தொகை உள்ள ஊர்களில் இதற்குத் தீயணைப்பு, காவல் ஆணையர் வாரியம் என்று பெயர். மேயர் மூன்று பேரை நியமிக்கிறார், நகர மன்றம் ஒப்புதல் தருகிறது, பதவிக்காலம் மூன்று ஆண்டு. மேயரின் சொந்தப் பதவிக்காலம் முடியக் கடைசி 30 நாட்கள் இருக்கும்போது அவர் யாரையும் நியமிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் தன் ஆட்களை உட்கார வைத்துவிட்டுப் போவதைத் தடுக்க இதைவிட நேரடியான வழி இல்லை. மூவரில் இருவருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே உங்கள் கணவரிடம் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரெட்மண்ட் மழை

மேலே சொன்னது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தாது. வாஷிங்டன் மாநிலத்தில் மேயர்தான் நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஊரில் காவல்துறைத் தலைவரை நியமிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரே கமிஷன் உறுப்பினர்களையும் நியமிப்பார். அது மேயராகவும் இருக்கலாம், நகர மன்றம் வேலைக்கு வைக்கும் சிட்டி மேனேஜராகவும் இருக்கலாம். பதவிக்காலம் மூன்று ஆண்டு அன்று, ஆறு ஆண்டு, சம்பளம் கிடையாது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாகன உரிமம் வாங்குவதற்கே பட்ட பாடு கொஞ்சமன்று. மழையில் பேருந்துக்கு நின்று வீடு வந்து சேரவே இரவாகிவிடும் காலத்தில், மாலைக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து அடுத்தவரின் வேலை நீக்க வழக்கைக் கேட்கும் பொறுப்பை எந்தப் புதியவரும் ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. குடும்பத்தை முதலில் நிலைப்படுத்துங்கள்.

கொள்ளிடத்தான்

எனக்கு வேறு அனுபவம். டெக்சாஸில் குடியேறிய முதல் மாதங்களில், காருக்குத் தற்காலிகக் காகித நம்பர் பிளேட் ஒட்டியிருந்த காலத்தில், ஒரு காவலர் என்னைச் சாலையோரம் நிறுத்திப் பேசிய விதம் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. போலீஸ் மீது புகார் சொல்ல இந்தக் கமிஷனுக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொல்ல, அதன் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். அங்கே நடந்தது முற்றிலும் வேறு. நகர மன்றக் கூடத்தில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒருபுறம் நகராட்சி வழக்கறிஞரும் துறைத் தலைவரும், மறுபுறம் சீருடை இல்லாமல் கோட்டு அணிந்த ஒரு காவலரும் அவருடைய வழக்கறிஞரும். அந்தக் காவலரைத் துறைத் தலைவர் காலவரையின்றி இடைநீக்கம் செய்திருக்கிறார். அவர் பத்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்து கமிஷன் முன் வந்திருக்கிறார். சாட்சிகளை அழைக்கிறார்கள், சத்தியப் பிரமாணம் வாங்குகிறார்கள், குறுக்கு விசாரணை நடக்கிறது. இறுதியில் நிரந்தரமாக நீக்குவதா, சில நாள் இடைநீக்கத்தோடு விடுவதா, பழைய வேலையில் அமர்த்துவதா என்று அந்த மூவரும் தீர்ப்பளிக்க வேண்டும். பொதுமக்களின் புகாருக்கு அங்கே இடமே இல்லை. அது துறையின் உள்விசாரணைப் பிரிவுக்குப் போக வேண்டியது. மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் போலத்தான் தெரிந்தார், ஆனால் ஒரு மனிதரின் பிழைப்பு அவர் கையில் இருந்தது. இதைத் தன்னார்வத் தொண்டு என்ற தலைப்பில் பூங்காக் குழுவோடு சேர்த்துப் பட்டியலிடுவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வைகைவாசி

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். இந்தக் கமிஷன்களெல்லாம் மேலிடத்துக்கு வேண்டியவர்களை உட்கார வைக்கும் நாற்காலிகள். விண்ணப்பம், பரிசீலனை என்பதெல்லாம் கண்துடைப்பு. தமிழ்நாட்டில் காவலர், தீயணைப்பு வீரர், சிறைக் காவலர் எல்லோரையும் மாநிலம் முழுமைக்கும் ஒரே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. இங்கே ஊருக்கு ஒரு கமிஷன், ஊருக்கு ஒரு தேர்வு. இவ்வளவு வரி கட்டியும் அந்த மேசையில் நம்மவர் ஒருவர்கூட இல்லை.

சிகாகோக் காற்று

நம்மவர் விண்ணப்பித்தால்தானே இருப்பார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாக் குழுவுக்கே ஆள் கிடைப்பதில்லை.

ரெட்மண்ட் மழை

வைகைவாசி ஐயா ஒன்றை மறந்துவிடுகிறார். அங்கே வாரியம் ஆளெடுப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு காவலரை நீக்கியது சரியா என்று ஊர்க்காரர் மூவர் உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. கண்துடைப்பு என்று சொல்வதற்கு முன் அந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

வைகைவாசி

விசாரிப்பது யார் என்பதைவிட அந்த மூவரைப் பொறுக்குவது யார் என்பதே என் கேள்வி. அதற்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பழைய பெஞ்சு

பதிலை நேராகச் சொல்வதற்குச் சகோதரி சில விவரங்களைத் தர வேண்டும். எந்த மாநிலம்? ஊரை நடத்துவது மேயரா, சிட்டி மேனேஜரா? அந்த ஊரில் குடியேறி எவ்வளவு காலம் ஆகிறது? உங்கள் கணவர் அமெரிக்கக் குடிமகனா, பச்சை அட்டை (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வைத்திருக்கிறாரா, வேலை விசாவில் இருக்கிறாரா? முதலில் அனுப்பிய விண்ணப்பத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி இருந்ததா, இருந்திருந்தால் அதில் என்ன குறித்தார்? இப்போது கையெழுத்துக் கேட்கும் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது? கடைசி மூன்று கேள்விகளுக்குப் பதில் வரும் வரை அவர் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

காவிரிக்கரை

மன்னிக்கவும், பதற்றத்தில் முக்கியமானவற்றை எழுதவில்லை. டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறோம். ஊரில் மேயர் இருக்கிறார், ஆனால் மின்னஞ்சலில் சிட்டி மேனேஜரின் பரிந்துரை என்றுதான் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார். முதல் விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்தேன். குடிமகனா, பதிவு செய்த வாக்காளரா என்ற இரண்டு கட்டங்களையும் அவர் நிரப்பாமல் விட்டிருக்கிறார். இப்போது வந்துள்ள படிவத்தில், மாநிலச் சட்டத்தின் 143.006ஆம் பிரிவு கூறும் தகுதிகள் அனைத்தும் எனக்கு உண்டென்று சான்றளிக்கிறேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பழைய பெஞ்சு

அப்படியானால் அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்திடக் கூடாது. காரணத்தை முறையாகச் சொல்கிறேன்.

டெக்சாஸில் இது உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 143ஆம் அத்தியாயத்தில் வருகிறது. இதன் மூலச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. 10,000 அல்லது அதற்கு மேல் மக்கள்தொகையும், சம்பளம் பெறும் காவல் அல்லது தீயணைப்புத் துறையும் உள்ள ஊர், வாக்கெடுப்பின் மூலம் இந்த முறையை ஏற்றுக்கொண்டால் மட்டுமே அங்கே இது செல்லும். நம்மவர் நிறையப் பேர் வாழும் ஃபிரிஸ்கோவில் 2024 மே மாதம் இதை வாக்கெடுப்புக்கு விட்டு, மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். டல்லாஸ் தன் சொந்த நகரச் சாசனத்தின்படி வேறு முறையில் நடத்துகிறது. எனவே இல்லினாய் விதியையோ வாஷிங்டன் விதியையோ இங்கே கொண்டுவருவது வீண் குழப்பம். டெக்சாஸின் இந்தப் பிரிவில் கட்சி பற்றிய பேச்சே இல்லை.

வைகைவாசியின் கேள்விக்கு வருகிறேன். உறுப்பினர் மூவரையும் நகராட்சியின் தலைமை நிர்வாகி நியமிக்கிறார், நகர மன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். ஹூஸ்டன் போல மேயரே நிர்வாகத்தை நடத்தும் ஊரில் அந்த நிர்வாகி மேயர். ஆஸ்டின் போல நகர மன்றம் ஒரு மேலாளரை வேலைக்கு வைத்து நடத்தும் ஊரில் சிட்டி மேனேஜர். ஒருவர் பெயரைச் சொல்ல, வேறொரு அவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது முதல் பாதுகாப்பு. இரண்டாவது, மூவரின் பதவிக்காலமும் ஒன்றாக முடிவதில்லை. கமிஷன் முதன்முதலில் அமையும்போதே ஒருவருக்கு ஓராண்டு, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று என்று குறித்துவிடுவதால், அதன் பிறகு மூன்றாண்டுப் பதவிக்காலங்கள் ஆண்டுக்கு ஒன்றாகக் காலியாகின்றன. புதிதாக வந்த நிர்வாகி ஒரே நாளில் மூவரையும் மாற்றிவிட முடியாது. மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஒருவரையே நியமிக்க வேண்டுமானால், நகர மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டியவர்கள் உள்ளே வருவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல ஊர்களில் இந்த உறுதிசெய்தல் விவாதமே இல்லாமல், மற்ற வழக்கமான தீர்மானங்களோடு ஒரே கையசைப்பில் நிறைவேறிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தட்டிக்கேட்க வேண்டியது அந்தக் கூட்டத்தில். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பொதுவில் வெளியிட்டாக வேண்டும், எவரும் போய்ப் பேசலாம்.

இனித் தகுதிகள். உறுப்பினர் நன்னடத்தை உள்ளவராக, அமெரிக்கக் குடிமகனாக, 25 வயதுக்கு மேற்பட்டவராக, அந்த ஊரிலேயே மூன்று ஆண்டுகளுக்கு மேல் வசித்தவராக, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பொதுப் பதவியும் வகிக்காதவராக இருக்க வேண்டும். இவற்றில் குடியுரிமை, வசிப்புக் காலம் ஆகிய இரண்டும் உங்கள் கணவருக்கு இல்லை. நியமனம் பெறுபவர் பத்து நாட்களுக்குள் தகுதியை நிறைவு செய்து பதவியேற்காவிட்டால் இடம் மீண்டும் காலியாகிவிடும். பதவியேற்பு என்பதும் வெறும் கைகுலுக்கல் அன்று. இந்தப் பதவிக்காக எவருக்கும் பணமோ பொருளோ வேலையோ கொடுக்கவில்லை, கொடுப்பதாக வாக்களிக்கவும் இல்லை என்று மாநில அரசியலமைப்பு கூறும் வாசகத்தில் முதலில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பிரமாணம் எடுக்க முடியும்.

அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டால், குடிமகன் என்று எழுத்தில் சொன்னதாகிவிடும். மாநிலச் சட்டத்தின்படி கிடைக்கும் ஒரு பயனுக்காகக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வதைக் குடிவரவுச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது. பச்சை அட்டைக்கே வழி அடைபட்டுப் போகலாம், அதற்குப் பொதுவான விலக்கு எதுவும் இல்லை. பின்னாளில் எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொன்ன பெரியவர் உங்களையும் குடிமக்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் விண்ணப்பத்தில் கட்டங்களை வெறுமையாக விட்டது ஒரு கூற்று ஆகாது, ஆனாலும் அதைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

கொள்ளிடத்தான்

மறுப்பதால் பகை வருமா என்றும் கேட்டிருந்தார். வராது. சிட்டி செக்ரட்டரி அலுவலகத்தார் விண்ணப்பங்களைச் சலித்துத் தகுதி உள்ளவர்களை மேனேஜர் மேசைக்கு அனுப்புகிறார்கள்; ஒருவர் விலகிக்கொண்டால் அடுத்த பெயரை எடுப்பார்கள். காவல்துறைக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

காவிரிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு இந்தப் பதில்கள் முழுவதையும் அவரிடம் படித்துக் காட்டினேன். தாம் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்றும், சட்டம் கூறும் வசிப்புக் காலமும் தமக்கு இல்லையென்றும், ஆகவே இந்தக் கமிஷனுக்கான பரிசீலனையிலிருந்து தம் பெயரை நீக்கும்படியும் எழுதி அனுப்பிவிட்டார். பெயரை நீக்கிவிட்டதாக இன்று பதில் வந்துவிட்டது; நூலகக் குழுவுக்கான விருப்பத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?

பழைய பெஞ்சு

நூலகக் குழு போன்றவற்றின் தகுதியை நிர்ணயிப்பது மாநிலச் சட்டத்தின் இந்த அத்தியாயம் அன்று, ஊரின் சொந்த விதிகள். சில ஊர்களில் அங்கே வசித்தாலே போதும். சில ஊர்களில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும், அதாவது குடிமகனாக இருக்க வேண்டும். அந்தக் குழுவை உருவாக்கிய ஆணையின் பிரதியைச் சிட்டி செக்ரட்டரியிடம் கேட்டு வாங்கிப் படித்த பிறகு பதில் சொல்லுங்கள். முதல் விண்ணப்பம், வந்த படிவம், விலகிய மின்னஞ்சல், அவர்கள் அனுப்பிய பதில் ஆகிய நான்கையும் அச்செடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பச்சை அட்டைக்கான ஐ-485 படிவத்திலும், பின்னர் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், எப்போதாவது உங்களை அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா என்ற கேள்வி வரும். அதை நிரப்புவதற்கு முன் கோப்பைக் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.