ஆடு மேய்ந்த பள்ளித் தோட்டம்: இனி எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (ஒன்றியப் பள்ளி ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். நான் பணியாற்றும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இயற்கையைப் பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்று சென்ற ஆண்டு காய்கறித் தோட்டம் போட்டோம். கத்தரியும் வெண்டையும் பூக்கும் தறுவாயில், சுவர் இடிந்த பக்கமாக ஆடுகள் புகுந்து ஒரே பிற்பகலில் மொட்டையடித்துவிட்டன. எஞ்சியதை மே மாத விடுமுறை தீர்த்துவிட்டது. மரம் நடும் விழாவிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே குழியில் மூன்று ஆண்டுகளாக மூன்று கன்றுகள் நட்டுப் புகைப்படம் எடுத்திருக்கிறோம். செலவில்லாமல், ஆட்டுக்கும் விடுமுறைக்கும் தப்பி, ஐந்து வகுப்பினரும் சேர்ந்து செய்யத்தக்கது ஏதேனும் உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

அம்மா, நீங்கள் புதிதாக எதையும் நட வேண்டியதில்லை. சத்துணவுக் கூடத்தின் பின்னால், கை கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் இருக்கும். கறிவேப்பிலை அழகி என்னும் கருநிற வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்திலைகளில் வெளிர் மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். நான்கைந்து நாளில் வெளிவரும் புழு, பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருப்பதால் முதல் நாள் யார் கண்ணிலும் படாது. பல முறை தோலுரித்த பிறகு அது இலைப்பச்சை நிறம் பெறும். அப்போது மெல்லிய புல் நுனியால் ஒருமுறை வருடினால், தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற சிவந்த உறுப்பு ஒன்று கடும் நெடியுடன் நீளும். பிள்ளைகள் அதை நாக்கு என்பார்கள். உடனே திருத்தாமல், வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

முட்டையிலிருந்து சிறகு விரிவது வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சின்ன வகுப்பினர் படம் வரையட்டும், பெரியவர்கள் அளவுகோலை இலையருகே பிடித்து நீளத்தைத் தேதியுடன் எழுதட்டும். புழுவைப் பாட்டிலில் அடைக்க வேண்டாம்.

பதில் 2 (வேலியோரத் தாவரங்கள்):

ஆட்டுக்குத் தீர்வு பெயரிலேயே இருக்கிறது: ஆடுதீண்டாப்பாளை. வயல் வரப்புகளிலும் தரிசிலும் படரும் இச்செடியைத் தின்று வளரும் புழுக்கள் ரோஜா அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியாகின்றன. இலையின் நஞ்சு உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. ஐயா சொன்ன கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல், இந்த ரோஜா அழகியைப் போலவே வேடமிட்டுப் பிழைத்துக்கொள்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டையும் அருகருகே காட்டினால் அந்த ஒரு வாரம் வேறு பாடமே தேவைப்படாது. ஆனால் அந்தச் செடி மனிதருக்கும் நஞ்சு. பள்ளிக்குள் வளர்க்காமல் அது இருக்கும் இடத்திற்கே அழைத்துச் சென்று, தொடாமல் பார்க்கச் செய்யுங்கள். பால் கண்ணில் பட்டால் பெரும் தீங்கு என்பதால், எருக்கஞ்செடிக்கும் இதே எச்சரிக்கைதான்.

பதில் 3 (மழைக் கணக்கு):

பூச்சி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே மேற்கண்ட யோசனைகளில் எனக்குள்ள குறை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு மழைமானி செய்துவிடுங்கள். நேரான பக்கங்கள் கொண்ட பெரிய பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகப் புனல்போலச் செருகுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். ஆகையால் கூழாங்கல் இட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை நீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடு போட்டு அளவுகோலை ஒட்டுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. நீங்கள் பள்ளி தொடங்கும் நேரத்தை மாறாமல் வைத்துக்கொண்டாலே போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். உங்கள் வகுப்பறைக் கூரை 30 சதுர மீட்டர் என்றால், 12 மில்லிமீட்டர் மழைக்கு 360 லிட்டர் கிடைக்கும். 15 லிட்டர் குடத்தில் அது 24 குடம். தண்ணீர் சுமந்து பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கலை விளக்கவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

மூவருக்கும் நன்றி. மழைமானி தயாராகிவிட்டது, மழைதான் இன்னும் வரவில்லை. கறிவேப்பிலையில் ஏழு முட்டைகளைக் கண்டு, ஒவ்வொரு கிளையிலும் நூல் கட்டி அடையாளம் வைத்தோம். நான்கு புழுவானது, இரண்டு கூட்டுப்புழுவானது, ஒன்று பறந்தது. அதைப் பார்த்துக் கைதட்டிய பிறகு, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நூல் கட்டிய மற்ற கிளைகளைக் காட்டி, “மீதி ஆறும் எங்கே டீச்சர்?” என்றாள். எறும்பையும் குளவியையும் சந்தேகித்து மறுநாளிலிருந்து அவற்றையும் குறிக்கத் தொடங்கியிருக்கிறோம். சமையலர் அம்மா, தாளிப்பதற்கு நூல் கட்டாத கிளைகளில் மட்டுமே இப்போது இலை பறிக்கிறார்.