பீச்சாங்கைக் கிடார்: எலிசபெத் காட்டன் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

பீச்சாங்கையன்:
சின்ன வயசில் கிடார் வகுப்புக்குப் போன முதல் நாளே மாஸ்டர் என் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தார். "இப்படிப் பிடிச்சா வாத்தியம் வராதுப்பா." ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, நின்றுவிட்டேன்.

இருபது வருஷம் கழித்து ஒரு ராத்திரி யூடியூபில் அமெரிக்க நாட்டார் பாடகி எலிசபெத் காட்டன் பாட்டியைப் பார்த்தேன். வலக்கைக்காரர் கிடாரை, கம்பியைக்கூட மாற்றாமல், அப்படியே கவிழ்த்துப் பிடித்திருக்கிறார். பேஸ் எனும் தடித்த, கீழ்ச்சுரக் கம்பிகள் கீழே. நாம் கட்டைவிரலால் தட்டுகிற பேஸை அவர் விரலால் வாசிக்கிறார், மெட்டு கட்டைவிரலில் வருகிறது. தூக்கம் போயே போச்சு.

1893-ல் வட கேரலைனாவில் பிறந்தவர். வீட்டு வேலை செய்து சேர்த்த 3.75 டாலரில் ஒரு ஸ்டெல்லா கிடார் வாங்கினார். 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டைக் கட்டியபோது வயசு பன்னிரண்டு இருந்தால் அதிகம். அப்புறம் கல்யாணம், குழந்தை. உலகியல் பாட்டெல்லாம் வேண்டாம் என்றது சர்ச். கிடார் மூலைக்குப் போனது.

பிறகு வாஷிங்டனில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர். நாட்டார் பாடல்களைத் திரட்டிய குடும்பம்! அங்கேயே வீட்டு வேலைக்குப் போய், சுவரில் தொங்கிய கிடாரை ஒருநாள் எடுத்து வாசித்திருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் பதிவு செய்ய, 1958-ல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அப்போது அவருக்கு 65. பழைய ராக்டைம், பாஞ்சோ மெட்டு, சர்ச் பாட்டு என்று சின்ன வயசில் கேட்டதெல்லாம் அந்த விரல்களில் அப்படியே இருந்தது.

ரயிலடி:
நான் இருப்பது வட கேரலைனாவில் அவருடைய ஊரான கார்பரோ பக்கம். தினமும் சைக்கிளில் போகிற பாதையின் பெயர் லிப்பா காட்டன் பைக்வே. லிப்பா என்பது எலிசபெத்தின் செல்லப் பெயராம். யாரோ அரசியல்வாதி என்றே மூணு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள். பக்கத்திலேயே தண்டவாளம். சின்னப் பெண்ணாக அவர் கேட்ட ரயில் சத்தம் இந்த ஊருடையதுதான். இப்போதெல்லாம் சரக்கு வண்டி வந்தால் இறங்கி நின்றுவிடுகிறேன். ஆபீஸுக்கு லேட்.

பழைய தட்டு:
எனக்கு அறிமுகம் கோபத்தில். 1957-ல் இங்கிலாந்தில் ஸ்கிஃபிள் (எளிய வாத்தியங்களோடு பாடும் நாட்டார் பாணி) குழு ஒன்று 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டைப் பாடிப் பெரிய ஹிட். எழுதியவர்கள் என்று போட்டிருந்தது வேறு இரண்டு பேர் பெயர். பாட்டி அப்போது அடுத்தவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு போராடித்தான் அவர் பெயரும் ஏறியது. தொண்ணூறைத் தாண்டி கிராமி கொடுத்தார்கள், சரி.

ரயிலடி:
@பீச்சாங்கையன், நான் வலக்கைக்காரன். டேப் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) பார்த்து அவருடைய வாசிப்புப் பாணியான 'காட்டன் பிக்கிங்' கற்றேன். நோட்டெல்லாம் சரி, ஆனால் அவர் மாதிரிக் கேட்கவில்லையே?

பீச்சாங்கையன்:
கேட்காது. அவருக்கு மெட்டு கட்டைவிரலில், அதனால் அதற்குத்தான் கனம். உங்களுக்கு பேஸ்தான் முட்டிக்கொண்டு நிற்கும். கட்டைவிரலைக் கொஞ்சம் அடக்கிப் பாருங்கள். எனக்கு இன்னும் ஈ செவன் கார்டிலேயே (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் ஒரு விரல்பிடி) விரல் சிக்குகிறது.