உதவப் போன இடத்தில் கண்ணில் பட்டவை

தொடக்கப் பகிர்வு:

எங்கள் குடியிருப்பில் தனியாக வாழும் முதியவர் ஒருவரை டயாலிசிஸ் செய்துகொள்ள அழைத்துச் சென்று, முடிந்தபின் வீட்டில் கொண்டுவந்து விடும் பொறுப்பைச் சில காலமாக ஏற்றிருக்கிறேன். இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்ட அவருக்கு வாரத்தில் 3 நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், கையில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தின் வழியே சுத்திகரித்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். ஊசியின் வலிதான் பெரிய துன்பம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவரோ தாகத்தைப் பற்றித்தான் பேசுவார். சிறுநீர் பிரியாத உடலில் குடிக்கும் நீர் அடுத்த சுத்திகரிப்பு வரை தேங்கி, நுரையீரலையும் இதயத்தையும் திணறடிக்கும் என்பதால், நாள் முழுவதற்குமான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொள்கிறார். மாத்திரை விழுங்கும் மிடறும் அந்தக் கணக்கில்தான் சேரும். நா வறண்டால் சிறு பனிக்கட்டித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்.

நலமான உடலில் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றிவிட்டு மற்றதை உடலுக்கே திருப்பித் தருகின்றன என்பதைப் பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த எண் என் உடலைப் பற்றியது என்று அவருடைய பாட்டிலைப் பார்க்கும்வரை தோன்றியதில்லை. "நல்லவேளை, நமக்கு இப்படி இல்லை" என்ற நிம்மதியும் எழத்தான் செய்தது. அது இரண்டொரு நாளில் தேய்ந்துவிடுகிறது. தண்ணீர் குடிக்கும்போது வரும் கவனம் மட்டும் தேயாமல் நிற்கிறது.

நன்றியோடு நினைத்துக்கொள்ள அவருக்கும் தமக்கென்று ஒரு பட்டியல் உண்டு: ஊசி முதல் குத்திலேயே ஏறியது, காலில் தசைப்பிடிப்பு வராதது, திரும்பும் வழியில் நான் பேச்சுக் கொடுக்காமல் அவரைத் தூங்க விட்டது. இதுபோன்ற அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி:

பார்வையற்ற மாணவி ஒருவருக்குத் தேர்வெழுதிக் கொடுத்தேன். அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். பதிலைத் திருத்தவோ குறிப்புக் காட்டவோ கூடாது. நீண்ட விடை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தவர், இடையில் நிறுத்தி, முந்தைய பத்தி எப்படி முடிந்தது என்று வாசிக்கச் சொன்னார். எழுதும்போதெல்லாம் என் கண் மேல்வரிக்கு ஓடித் திரும்பிக்கொண்டே இருக்கிறது என்பதை அந்தக் கணம் கவனித்தேன். நான் தாளிடம் ஒப்படைத்துவிடுவதை அவர் நினைவில் சுமந்துகொண்டே அடுத்த வாக்கியத்தைக் கட்டுகிறார். நான் கொண்டுபோன இரக்கத்திற்கு அங்கே வேலையே இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக எழுத முடியுமா என்பதுதான் அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

மறுமொழி:

உதவி பெற்ற தரப்பிலிருந்து எழுதுகிறேன். பக்கவாதம் வந்து, மூளையில் மொழியைக் கையாளும் பகுதி (பெரும்பாலானோருக்கு இது இடப்பக்கத்தில் இருக்கிறது) பாதிக்கப்பட்டதால் எனக்கு அஃபேசியா ஏற்பட்டது. மற்றவர் பேசுவது புரியும், சொல்ல வேண்டியது மனத்தில் இருக்கும், சொல் மட்டும் வராது. பார்க்க வந்தவர்களில் சிலர், "நாமெல்லாம் கொடுத்து வைத்தவர்கள்" என்று வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே. பிறருடைய மனநிறைவுக்கு அளவுகோலாகக் கிடப்பது இனிமையான வேலை அன்று. அதனால்தான் அந்த முதியவரின் பட்டியலைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை மேலாக மதிப்பிட்டார்கள் என்பது அதன் ஒரு முடிவு. அந்த ஆய்வின் இன்னொரு பகுதியில் பங்கேற்று, 21 நாட்கள் நாள்தோறும் எழுதியவர்கள் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் என்பது ஏனோ பேசப்படுவதில்லை. கீழே ஒருவரைப் பார்த்துத்தான் நன்றி பிறக்கும் என்றால், அவர்கள் யாரைப் பார்த்து எழுதியிருப்பார்கள்?

என் பட்டியலில் முதலில் வருபவர், பேச்சுப் பயிற்சிக்குத் துணையாக வந்த தன்னார்வலர். நான் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர்கள் அன்போடு முடித்து வைத்துவிடுவார்கள். அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருப்பார். பேச்சு ஓரளவு திரும்பியுள்ள நிலையில் (இந்தப் பதிவை என் மகள் பிழை திருத்தித் தந்தாள்), அதே பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுடன் இப்போது நானும் உட்காருகிறேன். ஆம், இல்லை என்று தலையசைத்தாலே போதும் என்ற அளவில் கேள்வியை அமைத்துக்கொள்வேன்; படம் ஒன்றையோ, தாளும் பேனாவுமோ பக்கத்தில் வைப்பேன்; அவர் ஒரு சொல்லைத் தேடத் தொடங்கினால் அதை நான் எடுத்துக் கொடுப்பதில்லை, அவர் கேட்டாலொழிய.