மூன்று வீட்டுக்கு ஒரு கார்: மருமகனுக்கு குரூஸ் பட்டனைப் பூட்டலாமா?

மூன்றாம்_கியர்
நான், தங்கச்சி வீடு, மச்சான் வீடு, மூன்று குடும்பமும் காசு போட்டு எடுத்த ஜப்பான் ரீகண்டிஷன் கார் ஒன்று திருகோணமலையில் ஓடுகிறது. முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரேடார் குரூஸ், கோட்டுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து வைக்கிற வசதி, ஆபத்தென்றால் தானாக பிரேக் அடிப்பது எல்லாம் இருக்கிறது.

தங்கச்சியின் மகன் லைசன்ஸ் எடுத்து ஐந்து மாதம். போன கிழமை இரவு அம்மாவை ஏற்றிக்கொண்டு கந்தளாயிலிருந்து வந்திருக்கிறான். குரூஸை 70இல் போட்டுவிட்டு ஒரு டிப்பருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தானாம். டிப்பர் இடப்பக்கம் திரும்பிவிட்டது. முன்னால் வெளித்ததும் கார் தன்பாட்டில் வேகம் எடுத்தது. அங்கே தார்ச் சூட்டுக்கு நடு றோட்டில் ஒரு மாடு படுத்திருந்தது. “டேய், மாடு!” என்று அம்மா கத்திய பிறகுதான் அவன் கால் பிரேக்குக்குப் போனது. மாடு எழும்பவேயில்லை. அம்மாவின் மடியில் இருந்த தயிர்ச்சட்டிதான் உடைந்தது. சீட் இன்னும் மணக்கிறது.

என் முடிவு: இரண்டு வருஷத்துக்கு அவனுக்கு குரூஸும் இல்லை, ஸ்டியரிங் உதவியும் இல்லை. பட்டன் வயரைக் கழற்றச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

நிலாவெளி_வாடகை
கழற்றுங்கள் அண்ணை. நான் வாடகைக்கு இரண்டு கார் விடுகிறேன். கனடாவிலிருந்து வருகிறவர்கள் அங்கே ஓட்டிய நினைப்பில் குரூஸைப் போட்டுவிட்டு கடலைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால் தானியங்கி பிரேக்கும் வேண்டாம். டவுனுக்குள் ஓட்டோ ஒன்று குறுக்கே வெட்டினாலே கத்துகிறது. ஒருநாள் கோட்டை வாசலில் மான் ஒன்று நடக்க, கார் சடாரென்று நின்றது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எனக்கு விழ வேண்டிய ஏச்சையெல்லாம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்.

உவர்மலை_டீச்சர்
மான் தப்பியதா இல்லையா தம்பி? அதைச் சொல்லாமல் ஏச்சை மட்டும் சொல்கிறீர்கள்.

இரண்டு வேறு சாமான்களை ஒரே பையில் போடுகிறீர்கள். தானியங்கி பிரேக் என்பது நீங்கள் தவறவிட்டால் மட்டும் வருகிற கை. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதிதாக விற்கிற எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். நம்மிடம் ஓடுகிற பல ஜப்பான் கார்களில் அதை அணைத்தாலும் அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது திரும்ப வந்துவிடும். செய்தவர்களே அப்படி நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். குரூஸ் வேறு. அது உங்கள் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை நீங்கள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. புதுப் பிள்ளைக்குக் கஷ்டம் அந்த இரண்டாவது பாதிதான்.

2008இல் ஃபோர்ட் நிறுவனம் ‘மைகீ’ என்று ஒரு சாவியை அறிவித்தது. அதைப் பிள்ளையிடம் கொடுத்தால் உச்ச வேகத்துக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் எல்லை வைக்கலாம். வண்டி சறுக்காமல் பிடிக்கிற வசதியைப் பிள்ளை அணைக்க முடியாமலும் செய்யலாம். அதாவது பாதுகாப்பை அணைக்கிற உரிமையைத்தான் பூட்டினார்கள்.

அப்புறம் அந்த மெக்கானிக்கை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டியரிங் பட்டனைக் கழற்ற, ஸ்டியரிங்குக்குள் இருக்கிற ஏர்பேக்கைத் தொட வேண்டும். மாட்டுக்குப் பயந்து ஏர்பேக்கைக் கெடுப்பதா?

மூன்றாம்_கியர்
ஏர்பேக் விஷயம் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது, நன்றி டீச்சர். பிரேக்கில் நான் கைவைக்கப் போவதில்லை. ஆனால் பிரேக் வசதி இருந்தும் அந்த மாட்டுக்கு ஏன் வரவில்லை?

கொட்டியாரக்_காற்று
ரேடாருக்கு மதகு, பெயர்ப்பலகை, றோட்டோரத்தில் நிற்கிற பஸ் எல்லாவற்றிலிருந்தும் எதிரொலி வரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் கந்தளாய் போய்ச் சேர முடியாது. அதனால் வேகமாக ஓடும்போது அசையாத பொருளைக் கணக்கில் எடுக்காதபடி பல குரூஸ்களை அமைத்திருக்கிறார்கள். தானியங்கி பிரேக்கில் கேமராவும் சேர்ந்து பார்த்தாலும், அது தேடப் பழகியது வாகனத்தையும் மனிதரையும். இருட்டில் படுத்துக் கிடக்கிற கறுப்பு மாட்டை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஹபரணைப் பக்கம் யானைக்கும் இதே கதைதான்.

ஆனால் பூட்டுகிற யோசனைக்கு நான் எதிர். நீங்கள் வயதைப் பார்க்கிறீர்கள். உங்கள் மச்சான் குரூஸைப் போட்டுவிட்டு போனில் கதைப்பதில்லை என்று சத்தியம் பண்ணுவீர்களா? 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா கிட்டத்தட்ட 20 இலட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது. ஆட்டோபைலட் (வேகத்தையும் ஸ்டியரிங்கையும் கார் பார்த்துக்கொள்கிற அவர்களுடைய வசதி) போட்ட சாரதி கவனமாக இருக்கிறாரா என்று கார் போதிய அளவு பார்க்கவில்லை என்பதுதான் குறை. அந்தக் கார்களை ஓட்டியவர்கள் எல்லாரும் பொடியன்களா?

ஆளுக்குப் பூட்டுப் போடாதீர்கள், றோட்டுக்குப் போடுங்கள். குருநாகலிலிருந்து மீரிகம வரை அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறந்தது. அங்கே மாடும் இல்லை, ஓட்டோவும் இல்லை, கோடும் தெளிவு. குரூஸ் அங்கே மட்டும். இந்தப் பக்கம் மூன்று வீட்டில் யாருக்குமே இல்லை.

நிலாவெளி_வாடகை
வீட்டுக்குள் சரி. வாடிக்கையாளரிடம் சாவி கொடுத்த பிறகு அவர் எங்கே எதைப் போடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? காருக்கு ஒன்று நடந்தால் என் கைக்காசு. எனக்குப் பூட்டுத்தான் வேண்டும், உபதேசம் வேண்டாம்.

உவர்மலை_டீச்சர்
வாடகைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்குப் பழக்கிக் கொடுக்க நேரம் ஏது? ஆனால் மருமகன் அன்னியன் இல்லையே.

தயிர்ச்சட்டி
மாமா, நான்தான். இதைக் கண்ணில் பட வைத்தது மச்சாள்.

மாட்டு விஷயத்தில் பிழை என்னுடையது. ஆனால் ஒன்று கேட்கிறேன். திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. ஸ்டார்ட் பண்ணினால் ஒரு அக்கா ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்கிறா. என்ன சொல்கிறா என்று உங்களிடம் கேட்டபோது “பெல்ட் போடச் சொல்கிறா” என்றீர்கள். நான் பெல்ட் போட்ட பிறகும் சொல்கிறாவே.

கொட்டியாரக்_காற்று
அது பெல்ட் இல்லை தம்பி. ஜப்பானில் அதிவேகப் பாதைக்குக் காசு கட்டுகிற அட்டை செருகவில்லை என்கிறா. நம் ஊரில் அவ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பா.

மூன்றாம்_கியர்
சரி. மூன்று வருஷமாக அவவுக்குப் பயந்து பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக்கை நிற்பாட்டிவிட்டேன். ஆங்கிலக் கையேடு எங்காவது கிடைக்குமா என்று பார்க்கிறேன், மச்சானையும் உட்கார வைத்துத்தான் வாசிப்பேன். அதுவரை குரூஸ் யாருக்கும் இல்லை, எனக்கும்தான். மருமகன், நீ ஞாயிறு காலை வந்து சீட்டைக் கழுவு. தேசிக்காய் கொண்டு வா.